ப்ரோ ஸ்டாஃப் 85: இன்றைய பந்துக்கு இந்த மட்டை தாங்குமா?

ஸ்லைஸ்பிரியன்:

வில்சன் ப்ரோ ஸ்டாஃப் 6.0 85 என்ற பழைய டென்னிஸ் மட்டை, பீட் சாம்ப்ராஸ் ஆடியது. அதைப் பற்றி எங்கே தேடினாலும் இரண்டே வகைப் பேச்சுதான். ஒரு கூட்டம் "சாம்ப்ராஸ் தொட்டது, இதற்கு மேல் மட்டை கிடையாது" என்னும். இன்னொரு கூட்டம் "சுவரில் மாட்டி வை" என்னும். இரண்டு கூட்டத்திலும் இதை எடுத்துக்கொண்டு முழு செட் ஆடியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் கொஞ்ச நாளாக இதையும், வழக்கமாக ஆடும் 100 சதுர அங்குல மட்டையையும் மாற்றி மாற்றி, ஒரே எதிராளியோடு ஆடிப் பார்க்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் மட்டையைப் பற்றி. 1980களின் நடுவில் வந்தது. தலை, அதாவது ஸ்ட்ரிங் கட்டிய பகுதி, 85 சதுர அங்குலம். 80 சதவீதம் கிராஃபைட், 20 சதவீதம் கெவ்லார், பின்னல் முறையில் செய்தது. ஃப்ரேமின் தடிமன் சுமார் 17 மில்லிமீட்டர்தான், மேலிருந்து கீழ் வரை ஒரே அளவு. ஸ்ட்ரிங் 16-க்கு 18, அதாவது நெடுக்கு இழை 16, குறுக்கு இழை 18. ஸ்ட்ரிங் போட்டபின் எடை 350 கிராமைத் தாண்டும். தலையின் இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும். பந்து ஓரத்தில் பட்டால் மட்டை திரும்பாமல் இருப்பதற்காக அங்கே எடையைக் கூட்டியிருக்கிறார்கள்.

எடையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எடை பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம் இருப்பதால், சுழற்றும்போது உணரும் எடை, அதாவது ஸ்விங்வெய்ட், 320, 330 சுற்றித்தான் வரும். இன்றைய 300 கிராம் மட்டைகள் பலவும் ஸ்ட்ரிங் போட்டபின் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கின்றன. கையில் தூக்கினால் கனம், வீசினால் அவ்வளவு இல்லை.

இனி ஆட்டம். ஸ்லைஸ் பேக்ஹேண்ட் (பந்தின் அடியை வெட்டிப் பின்சுழலோடு அனுப்பும் அடி) பற்றி நான் பேசினால் நடுநிலை இருக்காது, பெயரைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: பந்து வலையை ஒட்டிப் போய், எதிர்ப்பக்கம் விழுந்ததும் எழும்பவே எழும்பாது. புதிய மட்டையில் அதே அசைவுக்குப் பந்து கொஞ்சம் மிதக்கிறது. பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலியும் அப்படித்தான். கையை ஆட்டவே வேண்டாம், மட்டையை நேராக நீட்டினால் போதும், எடை தன் வேலையைச் செய்துவிடும். சர்வில் வேகம் குறைந்ததாக எதிராளி சொல்லவில்லை. தட்டையாக அடிக்கும் ஃபோர்ஹேண்ட், பந்து இடுப்பு உயரத்தில் வந்தால், ஆழமாகப் போகிறது, திசையும் தப்புவதில்லை.

சிக்கல் எங்கே என்றால், எதிராளி கனமான டாப்ஸ்பின், அதாவது முன்சுழல், போட்டுப் பந்தைத் தோளுக்கு மேல் எழுப்பும்போது. குறிப்பாக ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பக்கம். அங்கே அரை நொடி தாமதித்தாலும் பந்து ஃப்ரேமில் படுகிறது. வேகமான இரண்டாவது சர்வ் உதைத்துக்கொண்டு எழும்போதும் அதே கதை.

என் முடிவு இதுதான்: "பழைய மட்டையில் பவர் இல்லை" என்பது பாதிப் பொய். பவர் இருக்கிறது, அவகாசம் இல்லை. சீக்கிரம் திரும்பி, சீக்கிரம் மட்டையைப் பின்னால் கொண்டுபோய், பந்தை உடம்புக்கு முன்னால் சந்தித்தால் இது எதற்கும் குறைந்ததல்ல. ஒரு அடி பிந்தினால் கைவிட்டுவிடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

டாப்ஸ்பின்வாசி:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு கைதேர்ந்த வக்கீல் ஒளிந்திருக்கிறார். "சீக்கிரம் திரும்பினால் நன்றாக ஆடும்" என்பது எந்த மட்டைக்கும் பொருந்தும். கேள்வி, பிந்தினால் என்ன ஆகும் என்பது. ஆட்டத்தில் பாதிப் பந்துகளை நாம் பிந்தித்தான் அடிக்கிறோம். குறைந்தபட்சம் நான் அப்படித்தான்.

எடையின் நன்மை எடையால் வருவது, 85 அங்குலத்தால் வருவதல்ல. 98 அல்லது 100 அங்குல மட்டை ஒன்றை எடுத்து, கைப்பிடியில் தோல் கிரிப் போட்டு, பக்கவாட்டில் ஈயப் பட்டை ஒட்டினால் அதே எடை, அதே பேலன்ஸ் கிடைக்கும். வாலியில் அதே உறுதி வரும். கூடவே அகலமும் இருக்கும். மட்டை கைக்குள் திரும்புவதை எதிர்க்கும் திறன் எடை கூடினால் நேர்விகிதத்தில் கூடும். அந்த எடை நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போனாலோ, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். குறுகிய தலையில் இரண்டு பக்கமும் எவ்வளவு புடைக்க வைத்தாலும் அகலமான தலையின் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. இது கணக்கு, ரசனை இல்லை.

அப்புறம் ஃபெடரர். முதல் விம்பிள்டனை 2003-ல் வெல்லும் முன்பே அவர் 85-ஐ விட்டு 90-க்குப் போய்விட்டார். 2014-ல் 97-க்குப் போனார். தோளுக்கு மேல் எழும் நடாலின் பந்துகள் அவருடைய பேக்ஹேண்டை என்ன செய்தன என்று எல்லோரும் பார்த்தோம். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் அவர் நடாலை வென்றபோது அதே பேக்ஹேண்ட் என்ன செய்தது என்றும் பார்த்தோம். எல்லாம் மட்டையால் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியுமா?

ஸ்லைஸ்பிரியன்:

வக்கீல் பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஈயம் ஒட்டிய 98 அதே மாதிரி ஆடும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆடிப் பார்த்திருக்கிறேன். வாலியில் உறுதி வந்தது, சரி. ஸ்லைஸில் பந்து கிளம்பும் கோணம் மாறவில்லை, மேல்நோக்கித்தான் கிளம்பியது. ஃப்ரேமும் தடிமன், காற்றை வெட்டிக்கொண்டு போகும் உணர்வு இல்லை. நீங்கள் சொல்லும் கணக்கு பந்து ஓரத்தில் படும்போது. நான் சொல்வது நடுவில் படும்போது.

நரம்புமாஸ்டர்:

இருவரும் மட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்ட்ரிங் என்ன போட்டிருக்கிறீர்கள், டென்ஷன், அதாவது இறுக்கம், எத்தனை பவுண்டு என்று யாருமே சொல்லவில்லை. மட்டைகளுக்கு ஸ்ட்ரிங் போடுவது என் வேலை, அதனால் இது கொஞ்சம் நீளும்.

தலை சிறியது என்றால் ஸ்ட்ரிங்கின் ஒவ்வொரு இழையும் குட்டை. குட்டை இழை, அதே டென்ஷனில், நீள இழையைவிடக் குறைவாகத்தான் உள்வாங்கும். அதனால் 100 அங்குலத்தில் 52 பவுண்டு போட்டுப் பழகியவர் 85-லும் 52 போட்டால் பலகையில் அடிப்பது போல இருக்கும். "பழைய மட்டையில் பவர் இல்லை" என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பிரச்சினை இதுதான். நாலைந்து பவுண்டு குறைத்துப் போட்டுக் கொடுத்தால் "வேறு மட்டை மாதிரி இருக்கிறதே" என்கிறார்கள்.

உடனே "சாம்ப்ராஸ் 75 பவுண்டு போட்டாரே" என்று ஒருவர் வருவார். போட்டார். ஆனால் அது நேச்சுரல் கட், மாட்டுக்குடலில் செய்தது. இறுக்கிக் கட்டினாலும் நீண்டு சுருங்கும் குணத்தை அவ்வளவாக இழக்காது. கூடவே அவர் மட்டையில் ஈயம் ஏற்றி, கடையில் விற்பதைவிடப் பல மடங்கு கனமான ஆயுதமாக வைத்திருந்தார்... பல மடங்கு என்பது மிகை, 400 கிராமுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை அந்த வேகத்தில் வீசுகிறவருக்கு ஸ்ட்ரிங்கிலிருந்து பவர் தேவையில்லை, கட்டுப்பாடுதான் தேவை. நமக்கு நேர் எதிர்.

அடுத்தது, 16-க்கு 18 என்றதும் "ஓபன் பேட்டர்ன், இழைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, நல்ல ஸ்பின் வரும்" என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கை அதேதான், ஆனால் அந்த இழைகள் 85 அங்குலத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. கட்டம் ஒவ்வொன்றும் சிறியது. ஸ்லைஸ்பிரியன் சொல்லும் தாழ்ந்த கிளம்பு கோணத்துக்கு முக்கியக் காரணம் இதுதான், ஏதோ மந்திரம் இல்லை. நெருக்கமான ஸ்ட்ரிங் பந்தைத் தாழ்வாக அனுப்பும். ஸ்லைஸுக்கும் தட்டையான அடிகளுக்கும் வரம், டாப்ஸ்பினுக்குச் சாபம்.

பாலியெஸ்டர் போடலாமா என்பவர்களுக்கு: போடலாம், மெல்லிய கேஜ் (இழையின் தடிமன்), 45 பவுண்டுக்குக் கீழே. பாலியின் சிறப்பு, பந்து படும்போது நெடுக்கு இழைகள் பக்கவாட்டில் வழுக்கிப் போய்ச் சட்டென்று திரும்புவது. அந்தத் திரும்பல்தான் கூடுதல் ஸ்பின் தருகிறது. கட்டம் சிறியதாக இருந்தால் வழுக்க இடமில்லை. அதனால் பாலியின் கெடுதல் முழுதாகக் கிடைக்கும், நன்மை பாதிதான். என் கைக்கு இந்த மட்டைக்கு நேச்சுரல் கட்தான், அது கட்டுப்படியாகாவிட்டால் நல்ல மல்டிஃபிலமென்ட், அதாவது நுண்ணிழைகள் பலவற்றைச் சேர்த்துச் செய்த மென்மையான ஸ்ட்ரிங்.

பேஸ்லைன்காவலன்:

மாஸ்டர் சொன்னதை வைத்து ஒரு கேள்வி. இந்த மட்டை வலைக்கு ஓடி வருபவர்களுக்கு மட்டும்தான் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எட்பெர்க், சாம்ப்ராஸ் என்று பட்டியல் வேறு. ஆனால் ஜிம் கூரியர் இதே மட்டையோடு 1991, 1992 இரண்டு வருடமும் பிரெஞ்சு ஓபன் வென்றார். களிமண் தரை, பின்கோட்டில் நின்று ஆடும் பேஸ்லைன் ஆட்டம், பேஸ்பால் மாதிரி பேக்ஹேண்ட். அப்படியென்றால் 85-ல் டாப்ஸ்பின் வராது, பேஸ்லைனில் தாங்காது என்பது எப்படிச் சரியாகும்?

டாப்ஸ்பின்வாசி:

நல்ல கேள்வி. பதில் தேதியில் இருக்கிறது. கூரியர் வென்றது 1992 வரை. குயெர்ட்டன் லக்ஸிலான் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்சு ஓபன் வென்றது 1997. அதற்குப் பின் களிமண்ணில் பந்து எழும் உயரமே மாறிப்போனது. கூரியர் எதிர்கொண்ட பந்து இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வந்தது. இன்று நம் மைதானத்தில் பதினாறு வயதுப் பையன் அடிக்கும் பந்துகூடத் தோளுக்கு வருகிறது. மட்டை அப்படியே இருக்கிறது, எதிரே வரும் பந்துதான் மாறிவிட்டது.

ஸ்லைஸ்பிரியன்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். சாம்ப்ராஸே பிரெஞ்சு ஓபனில் இறுதிக்குப் போனதில்லை. 1996 அரையிறுதிதான் உச்சம். பிற்காலத்தில், கொஞ்சம் பெரிய தலையை முயன்று பார்த்திருக்கலாம் என்று அவரே பேசியிருக்கிறார்.

ஆனால் கூரியரைத் தேதியைச் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அதே காலத்தில் அகாசி ஓவர்சைஸ் மட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார். பெரிய தலை கையில் கிடைக்கும் காலத்தில்தான் கூரியர் 85-ஐத் தேர்ந்தெடுத்தார்.

புதுக்கை:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். எங்கள் பயிற்சி இடத்தில் ஒரு பெரியவர் "பழைய சின்ன மட்டையில் ஆடு தம்பி, டெக்னிக் தானாக வரும்" என்கிறார். எடுக்கலாமா?

டாப்ஸ்பின்வாசி:

வேண்டாம். தானாக வருவது டெக்னிக் இல்லை, மணிக்கட்டு வலி.

நரம்புமாஸ்டர்:

அவ்வளவு கடுமை வேண்டாம், ஆனால் பதில் வேண்டாம் என்பதுதான். கற்றுக்கொள்ளும்போது ஒரு அடி சரியா தப்பா என்று பந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். 85-ல் சரியான வீச்சுகூட ஒரு அங்குலம் விலகிப் பட்டால் வலையில் விழும். நீங்கள் வீச்சே தப்பு என்று நினைத்து அதை மாற்றத் தொடங்குவீர்கள். ஓரளவு வீச்சு நிலைத்தபின், வார்ம்அப்பில் கொஞ்ச நேரம் சின்ன மட்டையில் அடியுங்கள். கண் பந்தை விட்டு விலகினால் உடனே காட்டிக்கொடுக்கும். அதோடு வைத்துவிட்டு உங்கள் மட்டையை எடுங்கள்.

ஸ்லைஸ்பிரியன்:

மாஸ்டர் சொல்வது சரி. பெரியவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, அவர் கற்ற காலத்தில் எல்லோருக்கும் அதே மட்டைதான், எதிரே வந்த பந்தும் அதே மாதிரிதான்.

கிழக்குக்கோர்ட்:

டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கை வலி, உள்ளவர்களுக்கு இது நல்லதா கெட்டதா? ஒருவர் "கனமான மட்டை கைக்கு நல்லது" என்கிறார், இன்னொருவர் "விறைப்பான மட்டை, போகாதே" என்கிறார்.

நரம்புமாஸ்டர்:

இருவரும் பாதி சரி. கனமான மட்டையைப் பந்து அவ்வளவாக உலுக்க முடியாது, அதிர்ச்சி குறைவாகக் கைக்கு வரும். அது நல்லது. ஆனால் ப்ரோ ஸ்டாஃப் 85 மெல்லியதாகத் தெரிந்தாலும் வளைகிற மட்டை இல்லை, மட்டையின் விறைப்பைச் சொல்லும் ஆர்.ஏ. அளவில் 60களின் நடுவில் நிற்கும். பாலியெஸ்டரை இறுக்கிக் கட்டி, பிந்தி அடித்து, ஓரத்தில் வாங்கினால் முழங்கைக்கு நல்லதே இல்லை. மென்மையான ஸ்ட்ரிங், குறைந்த டென்ஷன் என்றால் பல புதிய மட்டைகளைவிட இது இதமானதுதான். ஏற்கனவே வலி இருக்கிறது என்றால் முதலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் மட்டையைப் பற்றிப் பேசலாம்.

உண்மையிலேயே வளைகிற மட்டை வேண்டும் என்றால் டன்லப் மேக்ஸ் 200ஜி. மெக்கன்ரோவும் ஸ்டெஃபி கிராஃபும் ஆடியது. கார்பன் இழை கலந்த நைலானை அச்சில் உருக்கி ஊற்றிச் செய்தது. பந்து ஸ்ட்ரிங்கில் தங்கிப் போவது போலவே இருக்கும். சர்வில் மட்டும் கொஞ்சம் சோர்வு தெரியும்.

மரமட்டை:

200ஜி பெயரைக் கேட்டதும் வந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் 85-ஐச் சின்ன மட்டை என்று பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மரமட்டையின் தலை சுமார் 65 சதுர அங்குலம். 1976-ல் ஹோவர்ட் ஹெட் பிரின்ஸ் நிறுவனத்தில் 110 அங்குல அலுமினிய மட்டையைக் கொண்டுவந்தபோது சிரித்தவர்கள் நிறைய. ப்ரோ ஸ்டாஃப் 85 வந்தபோது அது "மிட்சைஸ்", அதாவது கொஞ்சம் பெரியது!

மரத்தில் ஆடிப் பார்த்தவர்களுக்கு 85 சொகுசு. டன்லப் மேக்ஸ்பிளை வைத்து நான் இன்றும் இரட்டையர் ஆடுகிறேன். லாப், ட்ராப், கோண வாலி எல்லாம் அருமை. ஒற்றையரில் மட்டும் எடுப்பதில்லை. நோவா 1983-ல் பிரெஞ்சு ஓபனை மரமட்டையில் வென்றதற்குப் பின் ஆண்கள் கிராண்ட்ஸ்லாம் எதுவும் மரத்தில் வெல்லப்படவில்லை. போர்க் 1991-ல் மான்டே கார்லோவில் மரமட்டையோடு திரும்பி வந்து ஸ்பெயினின் ஜோர்டி அரேஸேயிடம் நேர் செட்டில் தோற்றார். வயதும் இடைவெளியும் காரணம்தான், ஆனால் பந்து போன வேகத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டையும் தெரிந்திருக்கும்.

டாப்ஸ்பின்வாசி:

மரமட்டை ஐயா, இரட்டையர் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அங்கே பந்து தாழ்வாக வரும், நேரம் குறைவு என்றாலும் வீச்சும் சின்னது. 85 அங்கே இன்றும் நல்ல ஆயுதம். ஒற்றையர்தான் என் சண்டை.

பேஸ்லைன்காவலன்:

பழையது ஒன்று கிடைக்கிறது. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நரம்புமாஸ்டர்:

தலையைக் கையில் பிடித்து, கைப்பிடியோடு சேர்த்து லேசாக முறுக்கிப் பாருங்கள். நெறிந்த சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். தலையின் உச்சியிலும் கழுத்திலும் வண்ணத்தின் மேல் கோடு தெரிந்தால் நகத்தால் தடவுங்கள். வண்ணம் மட்டும் வெடித்திருந்தால் நகம் வழுக்கும், உள்ளே வெடித்திருந்தால் மாட்டும். ஸ்ட்ரிங் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழல்கள் இத்தனை வருடத்தில் உலர்ந்து உடைந்திருக்கும். உடைந்த இடத்தில் கிராஃபைட் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுத்துவிடும். மாற்றுக் குழல் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். நீண்ட நாள் கடுமையாக ஆடிய கிராஃபைட் கொஞ்சம் தளர்ந்தும் இருக்கும். அது சிலருக்குப் பிடிக்கிறது, அதனால் குறை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. ஸ்ட்ரிங் போட்டுத் தருபவர் தலையை நாலைந்து இடத்தில் தாங்கிப் பிடிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டே முனையில் பிடிக்கும் இயந்திரத்தில் இந்தப் பழைய ஃப்ரேமை ஏற்ற வேண்டாம்.

ஸ்லைஸ்பிரியன்:

மாஸ்டர் பேச்சைக் கேட்டு மல்டிஃபிலமென்டை 48 பவுண்டுக்கு இறக்கிப் போட்டு ஆடினேன். வித்தியாசம் பெரிது. இடுப்பு உயரப் பந்துகள் முன்பைவிட ஆழமாகப் போகின்றன, ஸ்லைஸ் அதே தாழ்வில்தான் இருக்கிறது. தோளுக்கு மேல் எழும் பந்தில் மாற்றம் கொஞ்சம்தான்.

அதற்கு வேறு வழி கண்டுபிடித்தேன். சர்வ் ரிட்டர்னில் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு, பேஸ்லைனுக்கு உள்ளே ஒரு அடி வந்து, பந்து எழும்போதே ஸ்லைஸில் தடுத்துவிட்டு முன்னேறுகிறேன். மட்டையின் எடைக்கு வீச்சே தேவைப்படவில்லை. பேஸ்லைனில் நின்று மாறி மாறி அடிக்கும்போது உயரப் பந்து வந்தால் மட்டும் இன்னும் திணறுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

டாப்ஸ்பின்வாசி:

அப்படியானால் உங்கள் எதிராளி இனி இரண்டாவது சர்வை உடம்புக்கு நேராகப் போடட்டும். உள்ளே நிற்பவருக்கு ஸ்லைஸ் போட இடமே இருக்காது. அந்த ஆட்டத்தின் முடிவையும் இங்கேயே எழுதுங்கள்.